நியூயார்க் மேயர் போட்டி: ஒரே கட்சி, இரண்டு பாதை! சாவி மட்டும் கவர்னர் கையில்!

வீட்டு வாடகையை ஏறவிடாமல் நிறுத்துவதா? பஸ்சை இலவசமாக ஓட்டுவதா? போலீசாரை இன்னும் அதிகப்படுத்துவதா?

அமெரிக்காவின் மிகப்பெரிய நகரமான நியூயார்க்கில் 2025 ஜூன் மாதம் நடந்த சண்டை இதைச் சுற்றித்தான். மோதிக்கொண்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. எல்லோரும் ஒரே கட்சி. ஜனநாயகக் கட்சி!

85 லட்சம் பேர் வாழும் ஊர் அது. நகரசபையின் ஆண்டு பட்ஜெட் மட்டும் 11 ஆயிரத்து 500 கோடி டாலருக்கு மேல். அதற்கு மேயர் ஆவது என்றால் சும்மாவா?

அந்தப் போட்டியில் 33 வயது வாலிபர் ஒருவர், 10 வருஷம் கவர்னராக இருந்த 67 வயதுத் தலைவரை மண்ணைக் கவ்வ வைத்தார். 2026 ஜனவரி 1-ந்தேதி மேயராகப் பதவியும் ஏற்று விட்டார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இருவரும் கொடுத்த வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. மேயர் தானே செய்யக்கூடியவை சில. கவர்னர் தயவு இல்லாமல் நடக்காதவை பல. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் ஓட்டுக் கேட்டார்கள்.

பிரைமரி என்றால் என்ன?

அங்கே வேட்பாளர் யார் என்று கட்சி மேலிடம் அறிவிப்பதில்லை. கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்களே சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். இந்த உள்கட்சித் தேர்தலுக்குத்தான் பிரைமரி என்று பெயர்.

நியூயார்க் நகரில் குடியரசுக் கட்சிக்கு ஓர் ஆள் என்றால், ஜனநாயகக் கட்சிக்கு ஏறக்குறைய ஆறு ஆள். ஆகவே பிரைமரியில் ஜெயித்தால் பாதிக் கிணறு அல்ல, முக்கால் கிணறு தாண்டிய மாதிரி.

ஓட்டுப் போடும் முறையிலும் ஒரு விசேஷம் உண்டு. ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டு வர வேண்டியதில்லை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2019-ல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்திக் கொண்டுவந்த முறை இது. மேயர் பிரைமரிக்கு 2021-ல்தான் முதன்முதலாக இது அமலுக்கு வந்தது.

2025-ல் ஓட்டுச்சீட்டில் 11 பேர் இருந்தார்கள். உண்மையான போட்டி இருவருக்கு இடையேதான்.

யார் இந்த இருவர்?

ஒருவர் ஆண்ட்ரூ குவோமோ. 2011 முதல் 2021 வரை நியூயார்க் மாநில கவர்னர். இவருடைய தந்தை மரியோ குவோமோவும் அதே நாற்காலியில் 12 வருஷம் இருந்தவர். பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக 11 பேர் சொன்ன புகார்களை மாநில அட்டர்னி ஜெனரலின் விசாரணை அறிக்கை ஏற்றுக்கொண்டதும், 2021 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். தான் தவறு செய்யவில்லை என்பது அவருடைய மறுப்பு.

மற்றவர் ஜோரான் மம்தானி. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் கம்பாலாவில் பிறந்தவர். 7 வயதில் நியூயார்க் வந்தார். தாயார் பிரபல இந்திய சினிமா டைரக்டர் மீரா நாயர். குவீன்ஸ் பகுதியிலிருந்து 2021 முதல் மாநில சட்டசபை உறுப்பினராக இருந்தார். அதற்கு மேல் பெரிய பதவி எதுவும் பார்த்தவர் அல்ல.

குவோமோவின் கோஷம் அனுபவம். ஊர் கெட்டுக்கிடக்கிறது, நிர்வாகம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்.

மம்தானியின் கோஷம் விலைவாசி. இந்த ஊரில் உழைக்கிறவன் இந்த ஊரில் குடியிருக்க முடியவில்லையே என்றார்.

வாடகை வீடு

நியூயார்க்கில் சுமார் 10 லட்சம் வீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. சுமார் 20 லட்சம் பேர் அவற்றில் குடியிருக்கிறார்கள். இந்த வீடுகளுக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏற்றலாம் என்பதை 9 பேர் கொண்ட வாரியம் முடிவு செய்கிறது. குடித்தனக்காரர் சார்பில் 2 பேர், வீட்டுச் சொந்தக்காரர் சார்பில் 2 பேர், பொதுவில் 5 பேர். அத்தனை பேரையும் நியமிப்பவர் மேயர்.

நாலு வருஷத்துக்கு ஒரு காசு ஏறாது என்றார் மம்தானி. இது ஆகாத காரியம் அல்ல. மேயர் டி பிளாசியோ காலத்தில் 2015, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் ஒரு வருட ஒப்பந்தங்களுக்கு வாரியம் உயர்வே தராமல் விட்டிருக்கிறது.

குவோமோ இதை ஏற்கவில்லை. வாடகையை அப்படியே நிறுத்தினால் சொந்தக்காரர் கட்டிடத்தைப் பழுது பார்க்க மாட்டார், ஒழுகுகிற கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பது அந்தத் தரப்பின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணெய் விலை, இன்சூரன்ஸ், சொத்து வரி எல்லாம் ஏறும்போது வாடகை மட்டும் நின்றால், பழைய கட்டிடத்துச் சின்ன சொந்தக்காரர் திணறித்தான் போவார்.

புது வீடு கட்டுவதில் இருவரும் ஏலம் போட்டார்கள். 10 வருஷத்தில் 5 லட்சம் வீடுகளைக் கட்டுவது அல்லது காப்பாற்றுவது என்றார் குவோமோ. தனியார் கம்பெனிகளோடு சேர்ந்து இதைச் செய்வதாகத் திட்டம். மம்தானி சொன்னது 2 லட்சம் வீடுகள். ஆனால் எல்லாம் மலிவு வாடகை வீடுகள், நகரசபையே பணம் போட்டுக் கட்ட வேண்டும் என்றார். செலவு 10 ஆயிரம் கோடி டாலர். அதில் 7 ஆயிரம் கோடி புதுக் கடன்! நகரசபை அவ்வளவு கடன் வாங்கவும் மாநில அரசு அனுமதி வேண்டும்.

மூன்றாவதாக நின்ற பிராட் லாண்டர், அப்போது நகரின் கணக்குகளைக் கவனித்துவந்த அதிகாரி. அவர் சொன்ன யோசனை வேடிக்கையானது, ஆனால் விவரமானது. நகரசபைக்குச் சொந்தமான 12 கோல்ப் மைதானங்களில் நாலை எடுத்து 50 ஆயிரம் வீடு கட்டலாம் என்றார்.

பஸ் கட்டணம்

தினமும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நியூயார்க் பஸ்களில் ஏறி இறங்குகிறார்கள். அப்போது கட்டணம் 2 டாலர் 90 சென்ட். டிக்கெட்டே வேண்டாம், ஏறி உட்காருங்கள் என்றார் மம்தானி.

இது வெறும் மேடைப் பேச்சு அல்ல. சட்டசபை உறுப்பினராக இருந்தபோதே இதற்கு முயற்சி செய்து, நகரின் ஐந்து பகுதிகளிலும் தலா ஒரு தடத்தில் இலவச பஸ் ஓடச் செய்தார். 2023 செப்டம்பரில் தொடங்கிய சோதனை 2024 ஆகஸ்டு வரை நடந்தது. வார நாட்களில் கூட்டம் சுமார் 30 சதவீதம் கூடியது.

ஆனால் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கு வேறு கதையும் சொன்னது. புதிதாக வந்தவர்களைவிட, ஏற்கெனவே பஸ்சில் போனவர்களே கூடுதல் தடவை போனார்கள். பஸ்சின் வேகமும் கூடவில்லை. இன்னொரு உண்மையும் உண்டு. 2024 வாக்கில் பஸ்சில் ஏறியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் காசு கொடுக்காமல்தான் போனார்கள்!

வசதி உள்ளவருக்கும் எதற்கு இலவசம், இல்லாதவருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் போதாதா என்பது குவோமோ பக்கத்துக் கேள்வி. இலவச பஸ்சுக்கு ஆண்டுக்கு 60, 70 கோடி டாலருக்குக் குறையாமல் ஆகும் என்று கணக்கு.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை இதுதான். பஸ்சும் பாதாள ரயிலும் நகரசபையின் நிர்வாகத்தில் இல்லை. அவற்றை நடத்துவது மாநில அரசின் போக்குவரத்துக் கழகம். அதன் தலைவரை நியமிப்பவர் கவர்னர். மேயர் யோசனை சொல்லலாம், சண்டை போடலாம். உத்தரவு போட முடியாது.

போலீசும் ரயில் பயமும்

1990-ல் நியூயார்க்கில் ஒரே வருஷத்தில் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள் விழுந்தன. 2024-ல் அது 400-க்கும் கீழே. ஊர் அந்தக் காலத்தை விட எவ்வளவோ மேல்.

ஆனால் ஜனங்களின் பயம் கணக்கைப் பார்த்து வருவதில்லை. 2024 டிசம்பரில் கோனி தீவு நிலையத்தில் நின்ற பாதாள ரயிலில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் உயிரோடு எரிக்கப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரவு ரயிலில் ஏறுகிறவருக்கு, 1990-ம் ஆண்டின் கணக்கைச் சொல்லித் தைரியம் கொடுக்க முடியுமா?

இதைப் பிடித்துக்கொண்டார் குவோமோ. அப்போது சுமார் 34 ஆயிரம் பேர் இருந்த போலீஸ் படையில் இன்னும் 5 ஆயிரம் பேரைச் சேர்ப்பேன், ரயில்களில் காவலைப் பெருக்குவேன் என்றார்.

மம்தானிக்கு இந்த இடம்தான் சங்கடம். 2020-ல் போலீசுக்கு ஒதுக்கும் பணத்தைப் பிடுங்க வேண்டும் என்று எழுதியவர் அவர். எதிரிகள் விடுவார்களா? 2025-ல் அவர் நிலை மாறியிருந்தது. இருக்கிற எண்ணிக்கையைக் குறைக்க மாட்டேன், கூட்டவும் மாட்டேன் என்றார். 110 கோடி டாலரில் சமூகப் பாதுகாப்புக்குத் தனி இலாகா அமைப்பதாகச் சொன்னார். மனநிலை சரியில்லாதவர் கலாட்டா என்று போன் வந்தால், துப்பாக்கியோடு போலீஸ் போவதற்குப் பதில் வைத்திய உதவியாளர்கள் போவார்கள். போலீஸ் கொலை, கொள்ளையைப் பிடிக்கட்டும் என்பது வாதம். 2021 முதலே நகரில் இப்படி ஒரு சிறிய ஏற்பாடு இருக்கிறது. அதைப் பெரிதாக்குவதுதான் திட்டம்.

இந்த விஷயத்தில் கவர்னரைக் கேட்க வேண்டியதில்லை. மேயரும் நகர கவுன்சிலும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால் நடக்கும்.

மளிகைக் கடை, தள்ளுவண்டி

கடைக்காரர்களைத் தூக்கிவாரிப் போட்ட வாக்குறுதி ஒன்று உண்டு. நகரசபையே மளிகைக் கடை நடத்தும் என்றார் மம்தானி. பகுதிக்கு ஒன்றாக 5 கடைகள். செலவு 6 கோடி டாலர். கட்டிட வாடகை இல்லை, லாபம் வேண்டியதில்லை, ஆகவே விலை குறையும் என்பது கணக்கு.

பெரிய சூப்பர் மார்க்கெட் முதலாளி ஒருவர், கடைகளை மூடுவேன் என்று மிரட்டல் விட்டார். மூலைக்கு மூலை இருக்கும் சிறு கடைக்காரர்களும் முகம் சுளித்தார்கள். மளிகையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு நிற்பதே கஷ்டம். வாடகை கொடுக்காத கடையோடு வாடகை கொடுக்கிற கடை எப்படிப் போட்டி போடும்?

நியாயமான கேள்விதான். ஆனால் ஆயிரக்கணக்கான கடைகள் உள்ள ஊரில் 5 கடைகள் யாரையும் ஒழித்துவிடாது. அதே காரணத்தால் ஊர் முழுவதும் விலையைக் குறைத்துவிடவும் முடியாது. இது ஒரு சோதனைதான்.

சிறு வியாபாரிகளுக்கு இதைவிட முக்கியமானது வேறு. அவர்கள் கட்டும் அபராதம், லைசென்ஸ் கட்டணங்களைப் பாதியாகக் குறைப்பேன் என்றார் மம்தானி. தெருவில் உணவு விற்கும் தள்ளுவண்டிக்காரர்களிடமும் போய் நின்றார். நகரசபை கொடுக்கும் பர்மிட்டின் விலை சுமார் 400 டாலர். ஆனால் அது சுலபத்தில் கிடைக்காது. ஏற்கெனவே பர்மிட் வைத்திருப்பவரிடம் 17 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசு 10 டாலர் தட்டில் ஏறுகிறது. பர்மிட் நேராகக் கிடைத்தால் 8 டாலருக்குக் கொடுப்போம் என்று வியாபாரிகளைச் சொல்ல வைத்தார். விலைவாசிக்கும் நகரசபை ஆபீசுக்கும் உள்ள முடிச்சு ஜனங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

கூலியும் வரியும்

குறைந்தபட்ச கூலி அப்போது மணிக்கு 16 டாலர் 50 சென்ட். 2027-க்குள் 20 டாலர் என்றார் குவோமோ. 2030-க்குள் 30 டாலர் என்றார் மம்தானி. இதிலும் மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

பிறந்து 6 வாரம் ஆன குழந்தை முதல் 5 வயது வரை இலவசக் காப்பகம் என்பதும் மம்தானியின் வாக்குறுதி. ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் கூடுதலாக 2 சதவீத வரி. அதில் 400 கோடி. பெரிய கம்பெனிகளின் வரியைப் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் உள்ளபடி 11.5 சதவீதம் ஆக்குவது. அதில் 500 கோடி. ஆக 900 கோடி டாலர்!

பணக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புளோரிடா போய்விடுவார்கள் என்று பயம் காட்டினார் குவோமோ. அதை விடுங்கள். இந்த வரிகளை ஏற்றும் அதிகாரமே மேயருக்குக் கிடையாது. மாநிலத் தலைநகரான ஆல்பனியில் சட்டசபை ஒப்புக்கொண்டு, கவர்னர் கையெழுத்துப் போட வேண்டும். வருமான வரியை ஏற்ற மாட்டேன் என்று கவர்னர் கேத்தி ஹோகுல் அப்போதே கையை விரித்துவிட்டார்.

பணமா? ஆள் பலமா?

குவோமோவை ஆதரித்துச் செலவு செய்த குழு ஒன்று சுமார் 2½ கோடி டாலர் திரட்டியது. முன்னாள் மேயர் புளூம்பெர்க் மட்டும் 83 லட்சம் கொடுத்தார். டெலிவிஷனைத் திருப்பினால் விளம்பரம்தான்.

மம்தானி பக்கம் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். தேர்தலுக்கு 11 நாளைக்கு முன் மம்தானியும் லாண்டரும் கை கோர்த்தார்கள். எனக்கு 1 போடுபவர்கள் அவருக்கு 2 போடுங்கள் என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். எதிரெதிராக நிற்பவர்கள் இப்படிச் சேர்வது அந்த ஓட்டு முறையில்தான் முடியும்.

ஜூன் 24-ந்தேதி கொளுத்தும் வெயிலில் ஓட்டுப்பதிவு. 10 லட்சத்துக்கும் அதிகமானோர் ஓட்டுப் போட்டார்கள். முதல் எண்ணிக்கையில் மம்தானிக்கு சுமார் 43 சதவீதம். குவோமோவுக்கு 36. லாண்டருக்கு 11. அன்று இரவே குவோமோ தோல்வியை ஒப்புக்கொண்டார். விருப்ப ஓட்டுகளைச் சேர்த்து எண்ணியபோது 56-க்கு 44 என்று முடிந்தது.

யார் யாருக்குப் போட்டார்கள்?

இங்கேதான் ஒரு விசித்திரம். நகரின் ஐந்து பகுதிகளில் மிக ஏழ்மையானது பிராங்க்ஸ். இலவச பஸ்சும் மலிவு மளிகையும் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ஆனால் பிரைமரியில் பிராங்க்ஸ் குவோமோவுக்குத்தான் போட்டது! புரூக்ளின், குவீன்ஸ், மன்ஹாட்டன் மூன்றும் மம்தானிக்குக் கை கொடுத்தன. படித்த, மாதச் சம்பளம் வாங்குகிற, வாடகைக்குக் குடியிருக்கும் இளைஞர்கள் திரண்டு வந்தார்கள்.

ரொம்பவும் இல்லாதவர்கள், வாக்குறுதி கேட்டு ஏமாந்து பழகியவர்கள். தெரிந்த முகத்துக்குப் போட்டார்கள் என்று சொல்லலாம். 2025 நவம்பர் 4-ந்தேதி பொதுத்தேர்தல் வந்தபோது பிராங்க்சும் மம்தானி பக்கம் சாய்ந்தது. சுயேச்சையாக நின்ற குவோமோ அதிலும் தோற்றார். 20 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட அந்தத் தேர்தலில் மம்தானி பாதிக்குச் சற்று மேல் வாங்கி ஜெயித்தார்.

நாலாம் நாளே அடி!

இலவச பஸ் என்று சொல்லி ஜெயித்தவர் ஜனவரி 1-ந்தேதி பதவி ஏற்றார். ஜனவரி 4-ந்தேதி பஸ், ரயில் கட்டணம் 3 டாலராக உயர்ந்தது! அவர் செய்த குற்றம் அல்ல. போக்குவரத்துக் கழகம் முந்தைய ஆண்டே எடுத்த முடிவு. ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்து போயிற்று.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2 வயதுக் குழந்தைகளுக்கு நகரில் இலவசக் காப்பகம் தொடங்க மாநிலப் பணம் தருவதாக கவர்னர் ஹோகுல் அறிவித்தார். பஸ்சில் பூட்டிய கதவு, குழந்தைகளுக்குத் திறந்தது. திறந்ததும் கவர்னர்தான்.

தன் அதிகாரத்தில் உள்ள போலீஸ் விஷயத்தில் மம்தானி நிதானமாகவே அடி எடுத்து வைத்தார். முந்தைய மேயர் நியமித்த போலீஸ் கமிஷனர் ஜெசிகா டிஷ்சை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

ஆக, குவோமோ சொன்னது சின்ன வாக்குறுதி, ஆனால் பெரும்பாலும் முடியக்கூடியது. மம்தானி சொன்னது பெரிய வாக்குறுதி, ஆனால் பாதிக்கு மேல் இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருப்பது. முடியாது என்று தெரிந்தும் ஜனங்கள் ஏமாந்தார்களா? அப்படிச் சொல்ல முடியாது. கேட்கிற ஆள் இருந்தால்தான் கவர்னரும் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்துப் போட்டவர்களும் உண்டு. குழந்தைக் காப்பக விஷயம் அவர்கள் நினைப்பு முழுக்கத் தப்பல்ல என்று காட்டியது.

ஆனால் வாடகை விஷயத்தில் மம்தானிக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. அந்த 9 பேரை நியமிக்கும் பேனா மேயர் கையில்தான். பஸ் ஓடாவிட்டால் கவர்னரைக் கை காட்டலாம். வாடகை ஏறினால், 20 லட்சம் பேரும் கை காட்டப்போவது மேயரைத்தான்!